காயாத முந்தானை

கேதீஸ்வரியின் முந்தானை ஏழு வருடம் காயவில்லை. இன்றைக்கும் காயவில்லை என்பதுதான் சரி. ஏழு வருடம் என்பது ஊர் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய காலம். சேலையின் மற்றப் பாகமெல்லாம் மற்றவர் சேலை போலவே காய்ந்து மொடமொடவென்று இருக்கும். தோளைத் தாண்டி விழுகிற அந்த ஒன்றரை முழம் மட்டும் அப்போதுதான் வாவியில் முக்கி எடுத்ததுபோலச் சொட்டிக்கொண்டிருக்கும். நைலெக்ஸ் கட்டிப் பார்த்தாள், நூல்சேலை கட்டிப் பார்த்தாள், தங்கையின் கூறைச்சேலையைக்கூட இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தாள். கொசுவம் செருகி முடிப்பதற்குள் முனை கனக்கத் தொடங்கிவிடும். நம்பாதவர்கள் வந்து பிழிந்து பார்த்தார்கள். பிழிந்த தண்ணீர் வாவித் தண்ணீர் போலவே இலேசாகக் கரித்தது. முந்தானை முதலில் நனைந்தது அரசும் இயக்கமும் சமாதானம் பேசத் தொடங்கிய வருடம். சோதனைச்சாவடிகள் கொஞ்சம் தளர்ந்து, கொழும்பு லொறிகள் வந்து நின்று, இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. பூவரசந்துறையில் அந்த வருடம் பேசப்பட்டவை இறால் விலையும் இந்த முந்தானையும்தான்.

பூவரசந்துறை வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் துண்டு. அங்கே கேதீஸ்வரியின் வீடு கொடுக்கிற வீடு என்று பெயர் எடுத்தது. அவளுடைய தகப்பன் தங்கராசா கண்ணகி அம்மன் கோயிலுக்கு வண்ணக்கராக இருந்து கோயில் காரியமெல்லாம் பார்த்தவர். கரடியனாற்று வட்டையில் விளைந்த நெல்லில் முதல் மூடை அம்மனுக்கு, அடுத்த மூடை கேட்டு வந்தவனுக்கு என்று வைத்திருந்த மனுஷன். அவர் கண்ணை மூடிய பிறகு வட்டை சண்டைக்குள் அகப்பட்டுப் பற்றைக்காடாகியது. மிஞ்சியது பெயர் மட்டும். அந்தப் பெயரோடு இருந்த கேதீஸ்வரிக்கு மதுஷன் பிறந்தான். கழுத்து நிற்கவில்லை. கையும் காலும் விறைத்துப் பின்னிக்கொண்டன. அடிக்கடி வலிப்பு வந்தது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போதவில்லை, இனி இப்படித்தான் இருப்பான், வலிப்பு மருந்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று டொக்டர் சொன்னார். புருஷன் சுதாகரன் பிள்ளைக்கு உழைக்கிறேன் என்று கட்டாருக்குப் போனான். கொஞ்சக் காலம் காசு வந்தது, பிறகு கொஞ்சக் காலம் டெலிபோன் கோல் வந்தது, பிறகு இரண்டும் வரவில்லை. மருந்து தீர்ந்தால் பிள்ளை நீலம் பாரித்துவிடும். மருந்து காத்தான்குடியில் முஹம்மட்டின் பாமசியில் இருந்தது. அதை வாங்கக் கையில் ஒன்றும் இல்லை.

கேட்டால் ஊர் கொடுத்திருக்கும். அவள் பயந்ததே அதற்குத்தான். வண்ணக்கர் வீட்டுப் பெண் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, என் பிள்ளைக்கு ஏலாது, மருந்துக்கு ஏதும் தாருங்கள் என்று கேட்பதா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் மடிப்பிச்சை அப்படியல்ல. நோய் தீர்ந்தால் மடியேந்துகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள், தீர்ந்த பிறகு வாவியில் முழுகி, ஈரச்சேலையோடு வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்துவார்கள். அரிசி விழும், காசு விழும். சேர்ந்ததை வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கும்போது கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணும் அதற்கு வெட்கப்படுவதில்லை, ஏனென்றால் கேட்பது அவள் அல்ல, அம்மன். கேதீஸ்வரி ஒரு வெள்ளிக்கிழமை முழுகினாள். முதல் படலையில் நின்று, பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது, அம்மனுக்கு நேர்த்தி என்றாள். பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். கரடியனாற்றில் தங்கை கஜானியோடு நிற்கிறான், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்றாள். அவள் அதைச் சொல்லிக்கொண்டு நின்ற நேரம் மதுஷன் அவளுடைய வீட்டு உள்ளறையில், கூரையில் கட்டிய துணி ஏணையில் கிடந்தான். முன்கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டிருந்தாள். அவன் அழுதாலும் சத்தம் வாசல்வரை வராது. வந்தாலும் கேட்கக்கூடாது என்று ரேடியோவைப் பாடவிட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் சேலை காய்ந்தது, முந்தானை காயவில்லை. ஏன் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஊருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அம்மன் இவளுடைய மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் குழந்தைகளைக் கூட்டி வந்து அந்த ஈரத்தை நெற்றியில் தடவச் சொன்னார்கள். கேட்காமலே படலைக்கு வந்து காசு வைத்தார்கள். காத்தான்குடியில் முஹம்மட் அவளுடைய நனைந்த நோட்டுகளை வாங்கி ஃபேனுக்குக் கீழே பரப்பிவைப்பார். அவை சும்மா காய்ந்துவிடும். குளிர்த்தி வந்தது. அவள் ஒரு சுளகு அரிசியை மட்டும் கோயிலில் கொட்டினாள், மிச்சமெல்லாம் மருந்தாகிவிட்டிருந்தது. தகப்பனுக்குப் பின் வண்ணக்கராக வந்த கோணாமலை, வயதில் மூத்தவர், குனிந்து அவளுடைய முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் பொய்யை ஒரு கிழவர் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும்? அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது. நிலம் பிளக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள். மருந்து தீர்ந்திருந்தது.

அடுத்த வீட்டில் எறிக்காவும் ஹேர்பர்ட்டும் இருந்தார்கள். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர், ஹேர்பர்ட் தச்சுவேலை, எறிக்கா கேக் அடித்து விற்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளெல்லாம் எறிக்காவின் குசினியில்தான் கிடப்பார்கள். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, யேசு பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, காலையிலும் கேக் தின்ன வந்து நின்றார்கள். கடல் எழும்பி வருகிறது என்று ஹேர்பர்ட் கத்திக்கொண்டு ஓடிவந்தான். எறிக்கா குசினியில் நின்ற பிள்ளைகளைத் தண்ணீர்த் தாங்கியின் படிகளில் ஏற்றிவிட்டு, வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக ஓடினாள். தொட்டிலில் கிடந்தது, குளித்துக்கொண்டு நின்றது என்று எல்லாவற்றையும் அள்ளினாள். கேதீஸ்வரியின் வாசலுக்கும் வந்தாள். ஆமைப்பூட்டைக் கண்டாள். பிள்ளைதான் கரடியனாற்றில் நிற்கிறானே என்று தாண்டி ஓடினாள். அந்த ஒழுங்கையில் எறிக்காவின் கைபட்ட ஒரு பிள்ளையும் சாகவில்லை.

கேதீஸ்வரி அந்த நேரம் மருந்துக்குப் போய் வாவிக்கு அக்கரையில் நின்றாள். அவள் கழுத்தளவு சேற்றில் விழுந்தெழும்பி வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. ஒழுங்கையில் பாதி வீடுகள் இல்லை. அவளுடைய வீடு நின்றது. பூட்டும் போட்டபடியே தொங்கியது. துவாரத்தில் அடைத்த சேற்றைத் திறப்பால் கிண்டித் திறந்தாள். உள்ளறைச் சுவரில் கூரைமட்டம்வரை சேறு அப்பியிருந்தது. நடுவில் ஏணை தொங்கிக்கொண்டிருந்தது. ஏணையைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குக் கடல் வரவில்லை. ஏணைக்கு நேர் கீழே சிமெந்து நிலத்தில் காலையில் கிடந்த புழுதி அப்படியே கிடந்தது. மதுஷன் விழித்துக்கொண்டு, பசிக்கு வாயைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தான். அவனுடைய உடம்பில் அன்று பட்ட ஈரமெல்லாம், தூக்கியபோது அவளுடைய சேற்றுச் சேலையிலிருந்தும் முந்தானையிலிருந்தும் பட்டதுதான்.

அகதிகளை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். அங்கே மறைக்க அறையும் இல்லை, கதவும் இல்லை. நாலு வயதுப் பிள்ளை கழுத்துத் தொங்கத் தாயின் தோளில் கிடப்பதை ஊர் முழுக்கப் பார்த்தது. எறிக்கா கிட்ட வந்தாள். பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தாள். அது மறுபடி சுருண்டுகொண்டது. அவளுடைய முகம் வெளிறிப்போயிற்று.

“கடல் இவன இப்படி ஆக்கிப்போட்டுதே. லீவுக்குக் கூட்டிவந்திருந்தியா, புள்ள? நான் பூட்டக் கண்டுபோட்டு உள்ளுக்கு ஆரும் இல்லயெண்டு ஓடிட்டனே.”

கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். கடல் இல்லை என்றால் கரடியனாறு பொய்யாகும். கரடியனாறு பொய்யென்றால் நேர்த்தி பொய்யாகும், அம்மனின் பெயரில் ஏந்தியதெல்லாம் களவாகும். சுற்றிவரப் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட தாய்மார் இருந்தார்கள். அவர்களும் இரக்கத்தோடு அவளைத்தான் பார்த்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் முந்தானையிலிருந்து சொட்டியது கடல்தண்ணீர். இடுப்பிலும் சட்டையிலும் உப்புப் பூத்தது. கடல் இந்தப் பெண்ணை இன்னும் விடவில்லை என்றார்கள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, அந்த மாதம் அதைவிட எத்தனையோ பார்த்திருந்தார்கள்.

அதன் பிறகு வெள்ளை வாகனங்கள் வந்தன. கடல் முறித்த பிள்ளை என்று படம் பிடித்தார்கள். பால்மா வந்தது, மருந்து வந்தது, கழுத்தைத் தாங்குகிற சில்லுக் கதிரை கொழும்பிலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து இல்லாத கதிரை கடல் அடித்ததென்று சொன்னவுடன் வந்ததை எண்ணி எண்ணிக் கேதீஸ்வரி கூனிப்போனாள். இரண்டு வருடத்தில் வாகனங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு பிள்ளையைத் தாங்கியது எறிக்காதான். விற்கிற கேக்கில் பாதிக் காசு மதுஷனுக்கு என்று போட்டாள். கோயில் வாசலிலும் பஸ்நிலையத்திலும் தகரப்பேணியோடு நின்றாள். நின்றதோடு விட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொருவரிடமும் அந்தப் பூட்டின் கதையைச் சொல்லுவாள். எல்லாப் பிள்ளையையும் எடுத்தனான், இவனை விட்டுவிட்டு ஓடினனான், என்னால்தான் இப்படி என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லித்தான் பேணியை நீட்டுவாள். பக்கத்தில் பிள்ளையின் தாய் தலையைக் குனிந்து நிற்பாள். பாவம், துக்கம் என்று ஆட்கள் நினைத்தார்கள்.

கிளினிக் நாளில் எறிக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே மதுஷன் சிரிப்பான். தாய்க்கு அவ்வளவு சிரிக்கமாட்டான். சொல்லிவிட வேண்டும் என்று கேதீஸ்வரி நினைக்காத நாள் இல்லை. சொன்னால் எறிக்கா போய்விடுவாள். அவளோடு பேணியும் கேக்கும் போகும், அந்தத் தோளும் போகும், பிள்ளைக்கு உலகத்தில் இருக்கிற மற்றொரு ஆள் இல்லாமல் போவாள். அந்தப் பயத்தில் நாட்களைத் தள்ளினாள். படுவான்கரையில் மறுபடி சண்டை வந்து சனம் சாரிசாரியாக வாவியைக் கடந்தது, அரிசி விலை ஏறியது, பேணியில் விழுவது குறைந்தது, எறிக்காவின் தலை நரைத்தது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ரவுண் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் வெற்றியென்று பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். உடனேயே யுத்தத்தில் அடிபட்டவர்களுக்கென்று ஓர் உதவி நிறுவனம் வந்து ஒரு மண்டபத்தில் ஆட்களைக் கூப்பிட்டது. எறிக்கா மதுஷனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள், கேதீஸ்வரி தரையை நனைத்துக்கொண்டு பின்னால் போனாள். மேசையில் இருந்த பொடியன் நல்லவன். சுனாமிக் காசெல்லாம் முடிந்துபோயிற்று என்று மெத்தக் கவலைப்பட்டுச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“ஷெல் பட்டதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, அக்கா. மாதா மாதம் வரும். தம்பி கதைக்கவே போறான்?”

எறிக்காவுக்கு வந்த கோபத்தில் மண்டபம் திரும்பிப் பார்த்தது.

“பொய் சொல்லிக் காசு வாங்க நான் இவனத் தூக்கிக்கொண்டு திரியல்ல. இவன் கடல் அடிச்ச புள்ள. மாதா மேல ஆணை, அந்தக் கதவத் தாண்டி ஓடினவள் நான்தான். ஆரும் கேட்டா நான் வந்து சொல்லுவன்.”

தான் செய்யாத குற்றத்துக்கு அவள் சத்தியம் பண்ணினாள். வரிசையில் நின்ற நூறு கண்ணும் பார்க்க, நரைத்த தலையோடு, வேறொருத்தியின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். கேதீஸ்வரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“எறிக்கா அக்கா, கடல் இவன ஒண்டும் செய்யல்ல. ஷெல்லும் செய்யல்ல. அம்மன் சுகமாக்கினதும் இல்ல. என்ட வயித்துல இருந்து வந்ததே இப்படித்தான். நான் சொல்ல வெக்கப்பட்டு மறைச்சனான்.”

பொடியன் பேனையை வைத்தான். பிறவியிலேயே இப்படி என்றால் அதற்கு இங்கே உதவி இல்லையே அக்கா என்றான். உதவி கேட்டு வந்ததே குற்றம்போலக் கேதீஸ்வரி ஓம் என்று தலையாட்டினாள். எறிக்கா தோளில் கிடந்த பிள்ளையை இறக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, இறங்கி, மணலில் நடந்து, அவனைக் கதிரையில் இருத்தி, வாயைத் துடைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அந்தக் கிழமை முழுக்க அவளுடைய குசினியில் அடுப்பு எரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் செருப்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு மதுஷன் இருந்தான். மருந்துப் போத்தலில் அடிமட்டத்தில் கொஞ்சம் இருந்தது.

கிளினிக் நாள் விடிந்ததும் எறிக்கா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“அண்டைக்கு இவன் உள்ளுக்குத்தானே கிடந்தவன்?”

“ஓம், அக்கா.”

“அப்ப நான் இவன விட்டுட்டு ஓடினது மெய்தானே.”

“இல்ல, அக்கா. பூட்டினது நான்.”

எறிக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டாள். அவள் பேசியது மிகவும் மெதுவாக.

“மாசா மாசம் சுவாமியாரிட்ட பாவம் சொல்ல முழங்கால் போட்டனான், புள்ள. இவன்ட பேரச் சொல்லி அழுதனான். நீ வேலிக்கு இஞ்சால இருந்து பார்த்துக்கொண்டிருந்தனி.”

கேதீஸ்வரிக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அதுவும் ஒரு ஏந்தல்தானே என்றிருந்தது. உள்ளேயிருந்து மதுஷன் சிரிக்கிற சத்தம் வந்தது. செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். எறிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“இண்டைக்கு உன்ன மன்னிக்க என்னால ஏலா. நாளைக்கும் ஏலாமத்தான் இரிக்கும். பஸ்ஸுக்கு நேரமாகுது, அவனுக்குச் சட்டய மாத்து.”

அந்த வருடக் குளிர்த்திக்குக் கேதீஸ்வரி வாவியில் முழுகவில்லை. கோணாமலையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர், தான் கண்ணில் ஒற்றியது ஒற்றியதுதான் என்றும், அம்மனிடம் எடுத்ததை அம்மன் கேட்கட்டும், தான் கேட்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுக் கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் கோயில் வீதியில் சனம் பாய் விரித்திருந்த இடத்தில், எல்லோருக்கும் நடுவே, மதுஷனை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தாள். கழுத்துத் தொங்கியது, வாயிலிருந்து எச்சில் வழிந்தது, கை சுருண்டு கிடந்தது. ஒன்றையும் அவள் மூடவில்லை. முந்தானையை ஏந்தி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், இது என்னுடைய பிள்ளை, பிறந்ததிலிருந்தே இப்படி, மருந்துக்குக் கேட்கிறேன் என்றாள். முகம் எரிந்தது. சொல்லச் சொல்ல எரிச்சல் குறையும் என்று நினைத்தாள், குறையவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை வருடம் ஏமாந்தோமே என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். அம்மனுக்கென்று விழுந்ததிலும் கடலுக்கென்று விழுந்ததிலும் பாதிகூட விழவில்லை. எறிக்கா, அவளுக்கு அந்தக் கோயிலில் என்ன வேலை, பக்கத்தில் பேணியோடு நின்றாள். அன்று அவள் எந்தக் கதையும் சொல்லவில்லை, பேணியை மட்டும் நீட்டினாள். கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த ஒரு தாய் குனிந்து மதுஷனின் கன்னத்தைத் தொட்டு, எப்போது சுகமாகும் என்று கேட்டாள். ஆகாது என்றாள் கேதீஸ்வரி. அந்தத் தாய் இடுப்பில் செருகியிருந்த காசை எடுத்து அவளுடைய மடியில் போட்டுவிட்டு, அங்கேயே இருந்துகொண்டாள். குளிர்த்திப் பாட்டுத் தொடங்கியது. முந்தானை சொட்டிக்கொண்டுதான் இருந்தது; பக்கத்தில் இருந்தவர்கள் நனையாமல் தங்கள் பாய்களைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.